மணிக்கு இருபத்திரண்டு

"இந்தப் படிவத்தைச் சரிபார்த்தது யாரு?" என்று கேட்டபடி இயக்குநர் தாளை மேஜைமேல் வீசினார்.

"நான்தான் சார்," என்றாள் பெரியக்கா. இருபது வருட சர்வீஸில் அவள் தலை இப்படிக் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

அந்தப் புள்ளிவிவர அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். காலையில் வந்ததும் வெள்ளைப் பலகையில் அன்றைய டாலர் விலையை எழுதுவாள். பிறகு, களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாங்கி வரும் மணிக்கூலிப் படிவங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவாள். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் நாட்டுக்கே நாடி பார்க்கிறோம் என்று இயக்குநர் போகிற இடமெல்லாம் பெருமையடிப்பார்.

"வீட்டு வேலைக்கு ஊரெல்லாம் மணிக்கு அறுபது, எழுபது. இதுல மட்டும் இருபத்திரண்டு! அதுவும் ஆறு வருஷமா ஏறவே இல்லையாம். மாசச் சம்பளத்தை வகுத்ததுல தப்பா?"

"ரெண்டு தடவை வகுத்துப் பாத்துட்டேன் சார். அதேதான் வருது."

நேற்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கட்டோடு கையெழுத்துப் போட்டவள், இன்றைக்குத்தான் இந்தத் தாளை எழுத்து விடாமல் படித்திருந்தாள். படித்ததிலிருந்து அவளுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

இயக்குநர், சுவரோரம் நின்ற களப்பணிப் பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"உண்மையைச் சொல்லும்மா. வெயிலுக்குப் பயந்து எங்கயாவது நிழல்ல உக்காந்து நீயா எழுதினதுதானே?"

"இல்ல சார். அந்தம்மா வீட்டுக்கே போனேன். வேலைக்குப் போய்ட்டு வந்து துணி துவைச்சிட்டிருந்தாங்க. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"எந்த வீட்ல வேலை செய்றாங்கன்னு கேட்டியா?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கே சார்."

"விதியெல்லாம் நல்லாத் தெரியுது! கூலி ஏன் ஏறலங்கற கேள்விக்கு என்ன எழுதியிருக்கே? நீயே படி."

அவள் தாளை எடுத்துப் படித்தாள். "'கேட்டா, டாலர் ஏறிப்போச்சு, இனி எண்ணெயிலிருந்து எல்லாமே விலை ஏறும், அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடறாங்க.'"

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பாத்திரம் தேய்க்கிற அம்மாகிட்ட டாலர் கணக்கா! அளந்தாலும் பொருந்தற மாதிரி அளக்கணும்மா. அப்படியே நிஜமா இருந்தாலும், இப்படிக் குடுக்கிறவங்க மனுஷ ஜென்மமா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "நாளையிலிருந்து நீ வர வேண்டாம். பெரியக்கா, நீங்க அதைப் பொய்க்கணக்குன்னு எழுதி அடிச்சிடுங்க."

அந்தப் பெண் அழவில்லை. இயக்குநரை விட்டுவிட்டு, பெரியக்காவைத்தான் பார்த்தாள்.

"இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற வழியே இல்லக்கா. சத்தியமா நான் பொய் எழுதல."

பெரியக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒரு கோடு போதும், தாள் குப்பைக்குப் போய்விடும். நாலு நாளில் எல்லோரும் மறந்தும் போவார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

குனிந்த தலை குனிந்தபடியே இருந்ததால் அந்தப் பெண்ணின் கால் கண்ணில் பட்டது. வார் அறுந்த செருப்பில் ஊக்குக் குத்தியிருந்தது.

பெரியக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். எதிரே வெள்ளைப் பலகையில், காலையில் தன் கையாலேயே எழுதிய எண்ணை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்குக் கூசியது.

"அவ பொய் எழுதல சார். அந்தம்மாகிட்ட அந்த டாலர் கணக்கைச் சொன்னது நான்தான்."