அம்மா வீட்டில் இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஹேமலதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அடுத்த தெரு ஸ்டெல்லா. புருஷன் அடித்தால் இங்கேதான் வருவாள், வந்தால் இரண்டு மணி நேரம் அழுவாள். அன்று அதைக் கேட்க ஹேமலதாவுக்குத் தெம்பில்லை. ஆறு வயது மகள் மதுராவைக் கூப்பிட்டு, "அம்மா வெளிய போயிருக்காங்கன்னு சொல்லிடு" என்றாள்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னியேம்மா?"

"இதெல்லாம் பொய் இல்ல. போ."

மதுரா போய்ச் சொன்னாள். "சரி கண்ணு" என்று ஸ்டெல்லா திரும்பி நடந்தாள். அவள் கையில் துணிமணி அடைத்த பை இருந்ததை ஹேமலதா அப்போதுதான் கவனித்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிடவில்லை.

மறுநாள் ஹேமலதா மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்டெல்லாவின் இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். ஒரு கண் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. "நேத்து நீ வீட்ல இருந்திருந்தா நான் அங்க திரும்பிப் போயிருக்க மாட்டேன் ஹேமா" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. பிறகு மதுராவிடம், "அம்மா வந்ததும் நான் வந்துட்டுப் போனதைச் சொன்னியா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் ஹேமலதா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

மதுரா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறந்துட்டேன் ஆன்ட்டி. என் தப்புதான். அம்மாவுக்குத் தெரியாது."

"பரவால்லடா" என்று ஸ்டெல்லா நல்ல கையால் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஹேமலதா அப்போதும் பேசவில்லை.