தெரியாது மாத்தயா

அல்பொன்சா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதில் சிவகரனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"கதிரை போட்டு, தேத்தண்ணி குடுத்து, முக்கால் மணித்தியாலம் கதைச்சிருக்கிறாள் அக்கா. என்ட கண்ணாலயே பார்த்தன்."

அவனுடைய அக்கா தவமலர் அப்போதுதான் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை முடித்து வந்திருந்தாள். மண் காயாத கையோடு அப்படியே படியில் இருந்துவிட்டாள்.

அவளுடைய மகள் நிரூபாவுக்கு மருத்துவ பீடத்து வெட்டுப்புள்ளி மயிரிழையில் தப்பிப் போயிருந்தது. மிச்சமிருந்தது ஒரேயொரு வழி, ராணுவ டொக்டராகப் படிக்கிற புலமைப்பரிசில். படிப்பு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அரசாங்கம் பார்க்கும். முடித்தால் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. தகப்பன் இல்லாத பிள்ளை. இதுவும் தப்பினால் தையல் வேலைக்கு காமன்ட் ஃபக்டரி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

விண்ணப்பம் போட்டால் ஊருக்கே வந்து விசாரிப்பார்கள். அன்றைக்கு வந்தார்கள். சிவில் உடுப்பில் இரண்டு பேர், கையில் பைல். தவமலரின் வீடு பூட்டியிருந்ததால் அக்கம்பக்கத்தில் கேட்டார்கள்.

அல்பொன்சா அடுத்த வீட்டுக்காரி. அவளுடைய ஆடு தவமலரின் மிளகாய்க் கன்றுகளை மேய்ந்துவிட, தவமலர் பொலிஸ் வரைக்கும் போய்விட்டாள். அதோடு இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் முகம் பார்த்துக் கதையில்லை.

"நீ என்னடா சொன்னாய்?" என்று கேட்டாள் தவமலர்.

"நானா? நம்மட பிள்ளைய நான் விட்டுக்குடுப்பனா?" சிவகரன் நெஞ்சை நிமிர்த்தினான். "ஒழுங்கை முகப்பில என்னைத்தான் முதல்ல பிடிச்சாங்க. நிரூபாவைத் தெரியுமா எண்டு கேட்டாங்க. 'தெரியாது மாத்தயா' எண்டன். முன்வீட்டுப் பரமலிங்கம் அண்ணையும் தெரியாதெண்டிட்டார். மற்ற ரெண்டு வீடும் அப்படித்தான். ஒரு வாய் திறக்கல்ல."

"நல்ல வேலை செஞ்சாய்" என்றாள் தவமலர்.

சண்டைக் காலத்துப் பழக்கம் அது. சிவில் உடுப்பில் யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், 'மாத்தயா' என்று சிங்களத்தில் ஒரு ஐயா போட்டு, தெரியாது. அந்த ஒரு சொல்லால் தப்பிய பிள்ளைகள் இந்த மாம்புரி ஊரில் இருக்கிறார்கள். சண்டை முடிந்து ஆறு வருடம் ஆகிவிட்டதுதான். ஆனால் அதை நாக்குக்கு யாரும் சொல்லிவிடவில்லை.

மூன்று கிழமை கழித்து நிரூபா கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். திரும்பி வந்தவளை ஏற்ற, சந்தியில் ஓட்டோவோடு நின்றான் சிவகரன்.

"அல்பொன்சா என்னவாம் சொன்னாள்?" பஸ்ஸால் இறங்க முதலே கேட்டுவிட்டான்.

"அதுக்கு முதல் உங்கட கதை இருக்கு மாமா" என்றாள் நிரூபா. "பெரிய ஒபிசர் பைலைத் திறந்தார். 'இந்த விலாசத்தில இப்படி ஒரு பிள்ளையைத் தெரியாதெண்டு நாலு பேர் சொல்லியிருக்கிறாங்க. அப்ப நீங்க யார்?' எண்டு கேட்டார்."

சிவகரன் அவளுடைய பையை வாங்கி ஓட்டோவில் வைத்தான்.

"அதில ஒராள் ஓட்டோக்காரராம். 'தெரியாதெண்டவரின்ட ஓட்டோவில உங்கட பேர் மூண்டு மொழியிலயும் எழுதியிருக்காமே, அது எப்படி?' எண்டார்."

சிவகரன் மெல்லத் திரும்பி ஓட்டோவின் பின்கண்ணாடியைப் பார்த்தான். 'டொக்டர் நிரூபா.' தமிழ், சிங்களம், ஆங்கிலம். விண்ணப்பம் போட்ட அன்றே அவன் ஆசையாக ஒட்டிய ஸ்டிக்கர்.

புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் இடையில் ஏறிய சனத்துக்கெல்லாம், யாரும் கேளாமலே, மருமகள் புராணம் பாடியவன் அவன். ஏறியவர்கள் பாவம், இறங்கவும் முடியாமல் கேட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்டபோது, அந்த ஸ்டிக்கரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு தெரியாதென்று சொல்லியிருக்கிறான். இப்படி ஒரு மடையனை மூன்று மொழியிலும் தேடினாலும் கிடைக்காது என்று அவனுக்கே பட்டது.

"நீ என்ன பிள்ள சொன்னாய்?"

"என்ட சொந்த மாமாதான் சேர், பயத்தில சொல்லியிருப்பார் எண்டன். ஒராள் சிரிச்சார். மற்றவர் அதையும் எழுதினார்."

"அப்ப எல்லாம் போச்சா?"

"இல்ல மாமா, எடுத்திட்டாங்க. உடுப்புக்கு அளவும் எடுத்தாச்சு. அஞ்சாவது ஆளின்ட வாக்குமூலம் ஒண்டரைப் பக்கம் இருந்திச்சு. அதை வாசிச்சுக் காட்டினார்."

அல்பொன்சா ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்: இந்தப் பிள்ளை விடிய நாலு மணிக்குப் பாடமாக்கிற சத்தத்தில் எனக்கு மூன்று வருடமாக நித்திரை இல்லை. கால் முறிந்த என் ஆட்டுக்கு, படிக்கிற நேரத்தில் தாய்க்குத் தெரியாமல் வேலியால் வந்து கட்டுப் போட்டதும் இவள்தான். அந்த ஆடுதான் சுகமாகிப் போய்த் தாயின் மிளகாயைத் தின்றது. ஒரு ஆட்டுக்கே பொலிஸுக்குப் போன மனுஷி இவளுடைய தாய். மறைக்க ஏதும் இருந்தால் அந்தப் பக்கம் போவாளா, மாத்தயா?

நிரூபாவை வீட்டில் இறக்கிவிட்டு, சிவகரன் அல்பொன்சாவின் வேலிப் படலையடியில் போய் நின்றான். அவள் முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா..." என்றான்.

அல்பொன்சா நிமிரவில்லை.

"கதிரை போடுவன் எண்டு நிக்காத. உங்கட குடும்பத்தோட எனக்கு இன்னும் கோபம்தான்" என்றாள். "கோபம் எண்டதுக்காக, பக்கத்து வீட்டில இருக்கிற பிள்ளையத் தெரியாதெண்டு சொல்ல ஏலுமா?"