மாஸ்க் ரோடு வரைக்கும்

சீரியலில் மாமியார் வாயைத் திறந்தாள். ஓஸ்வால்டின் குரல் வந்தது.

"பிரிஜெட் ரெண்டு இட்லி சாப்பிட்டா. ஒண்ணு வாந்தியில போயிடுச்சு. கால் வீக்கம் நேத்துக்கு இன்னைக்குப் பரவாயில்லை. ஓவர்."

சொர்ணம் ரிமோட்டைச் சோபாவில் போட்டாள். டிவி ஒலியைக் குறைத்தாலும் அந்தக் குரல் குறையாது. தினமும் இதே நேரத்துக்கு வந்துவிடும்.

"என்னங்க, நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

சாமிநாதன் அப்போதுதான் ஹெப்பகோடியிலிருந்து பஸ் மாறி, நின்றுகொண்டே பிரேசர் டவுன் வந்து சேர்ந்திருந்தார். ஷூவைக் கழற்றினால் மறுபடி வெளியே போக மனம் வராது. அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

ஓஸ்வால்ட் ரயில்வேயில் ரிட்டயரானவர். மொட்டைமாடியில் ஏரியல் நட்டு, சி.பி. ரேடியோ வைத்திருந்தார். வீட்டிலிருந்தபடியே ஊரில் யாருடனாவது பேசலாம். இவர் யாருடன் பேசுகிறார் என்று யாருக்கும் தெரியாது. இவர் பேசுவது மட்டும்தான் டிவிகளில் வந்தது. எதிர்முனையின் பேச்சு வருவதில்லை.

மேஜைமேல், ரேடியோவின் பவரை ஏற்றும் பூஸ்டர் மூடி கழற்றி இருந்தது. எஸ்.பி. ரோட்டு மெக்கானிக் நாகேஷ் அதில் சால்டர் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் ஓஸ்வால்டின் மனைவி பிரிஜெட் இருமும் சத்தம் கேட்டது. அந்தம்மா படுக்கையில் விழுந்து மாதக்கணக்காகிறது.

"சார், மறுபடியும் எங்க டிவியில வருது."

"வார்த்தை புரியுதா, இல்ல கரகரன்னு இருக்கா?"

"நல்லாவே புரியுது. மேடம் இட்லி சாப்பிட்டது வரைக்கும் புரியுது."

"குட்."

"என்ன சார் குட்டு?"

நாகேஷ் தலையைத் தூக்கினான். "நான் சொல்லியாச்சு சார். அஞ்சு வாட் செட்டுல இவ்ளோ பெரிய பூஸ்டர் மாட்டினா சுத்துப்பட்டு டிவியிலெல்லாம் புகுந்துடும். ஒரு ஃபில்டர் போட்டா அடங்கும். கையோட கொண்டாந்திருக்கேன். போடவே விடமாட்டேங்கறாரு. சும்மா பவரை ஏத்து, பவரை ஏத்துங்கறாரு."

"ஃபில்டர் வேணாம்ப்பா," என்றார் ஓஸ்வால்ட்.

"யார்கிட்ட சார் பேசறீங்க? அவரு அமெரிக்காவுலயா இருக்காரு?" என்றார் சாமிநாதன்.

"தூரம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பவர்?"

ஓஸ்வால்ட் கிட்டே வந்தார். "வேற யாராவது சொன்னாங்களா, சாமிநாதன்? நம்ம தெருவைத் தாண்டி?"

"சொல்லாம என்ன? மாஸ்க் ரோடு பேக்கரியில ஒருத்தர் உங்களைத் திட்டிக்கிட்டிருந்தார். அவர் வீட்லயும் வருதாம்."

"அவர் வீடு இந்தக் கோடியா, அந்தக் கோடியா?"

"அந்தக் கோடி. பெட்டிகோட் தைக்கிற கடைக்குப் பின்னாடி."

ஓஸ்வால்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். துடைத்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"போதும் நாகேஷ். இதுக்கு மேல ஏத்த வேணாம்."

சாமிநாதன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பெருமைப்படறார், சொர்ணம். எவ்வளவு தூரத்துக்குத் தொந்தரவு போகுதுன்னு கணக்குக் கேக்கறார்."

சொர்ணம் தட்டை வைத்தாள். "பெத்த பொண்ணு இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டான்னு இத்தனை வருஷமா அவகிட்ட ஒரு வார்த்தை கிடையாது. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டார். அவ போன் பண்ணினா, குரலைக் கேட்டதும் வெச்சுடுவாராம். இப்ப மூஞ்சி தெரியாத எவன்கிட்டயோ பொண்டாட்டி வாந்தி எடுத்ததெல்லாம் ஒப்பிக்கறார். படுத்துக் கிடக்கற பொம்பளைக்கு மானம் இருக்காதா?"

சாமிநாதன் மறுநாள் ஆபீசிலிருந்தே ஒயர்லெஸ் இலாகாவுக்குப் போன் செய்தார்.

அந்த வாரமே அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஓஸ்வால்ட் வாதாடவில்லை. பூஸ்டரைத் தானே கழற்றி எடுத்து வந்தார்.

"செட்டை வெச்சுக்குங்க. அஞ்சு வாட்டுல பேசறதுக்கு லைசென்ஸ் இருக்கில்ல? அதுல பேசுங்க," என்றார் அதிகாரி.

"அது எட்டாது, சார்."

"எட்டற ஆளாப் பார்த்துப் பேசுங்க."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜீப் போன பிறகு ஓஸ்வால்ட் சாமிநாதனைப் பார்த்தார். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சாமிநாதனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிவி சுத்தமாகிவிட்டது. மாமியார் சொன்னதும் மருமகள் சொன்னதும் தெளிவாகக் கேட்டன. சொர்ணம் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

அடுத்த நாளும் சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது காலிங்பெல் அடித்தது.

வாசலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. முகம் இவர்கள் பக்கம் இருந்தாலும் கண் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். பக்கத்து வீட்ல ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலையே. ஏன்?"

"நேத்தும் பேசல, இன்னைக்கும் பேசல. எனக்கு மாஸ்க் ரோட்ல இருப்புக் கொள்ளல. அந்த வாசல்ல போய் நிக்க முடியாது. அதான் இங்க..."

சொர்ணம் பின்னால் வந்து நின்றாள்.

"ஓ, அவர் தினம் பேசிக்கிட்டிருந்தது உங்ககூடத்தானா?" என்றார் சாமிநாதன். "பூஸ்டரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. அதான் உங்க செட்டுக்கு வரல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"என்கிட்ட செட்டெல்லாம் இல்ல சார். டிவிதான் இருக்கு. அம்மா இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டாங்களா?"