சகாயம் சார்

“பெரிய பாதைக்குச் சீட்டு குடுங்க சார்.”

கேட்கவே கூடாதென்று அப்பா எச்சரித்ததையே மேரி கேட்டாள்.

திருச்சித் தொழிற்சாலை கிளப்பில் தட்டு வீசிக் கூடையில் போடும் ஆட்டம். ஒரே மைதானத்தில் புதியவர்களுக்கு ஆறு கூடை. தேறியவர்களுக்கு வாய்க்கால் தாண்டிப் பதினெட்டு; அதுதான் பெரிய பாதை.

செயலாளர் சுப்புராமன் சிரித்தார். “பொம்பளைங்களுக்குச் சின்னப் பாதைதாம்மா. பி.எஸ்ஸி. படிச்சா கை நீண்டுடுமா?”

சாதனைப் பலகையைக் காட்டினார். “எல். சகாயம், பதினெட்டுக் கூடையும் அறுபத்தொரே வீச்சுல! இதைவிடக் குறைச்சலா யாரும் முடிச்சதில்ல. விடியக்காலைல ஆடி, வாட்ச்மேன் கையெழுத்தோட பெட்டியில கணக்கை எழுதிப் போட்டுட்டுப் போயிடறாரு. சகாயம் சார் மாதிரி வீசு, அப்பறம் கேளு.”

மேரிக்குக் கொதித்தது. “லூர்துசாமி மக சகாயமேரிங்க நான். எழுதறப்ப மேரியை விட்டுட்டேன்.”

சுப்புராமன் அவசரமாகச் சீட்டை நீட்டினார்.

“வச்சுக்குங்க. மூணு மாசமா சீட்டோடயா ஆடினேன்?”

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, தட்டோடு வெளியேறிப் பெரிய பாதையில் நடந்தாள்.