பெருவிரல் ரேகை

மின்விசிறிக் காற்றில் 2006 காலண்டர் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. தாயில்பட்டி வெடிவிபத்தில் வெந்த இரு கைகளையும் கட்டுத்துணியோடு மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள் பத்திரகாளி. நஷ்டஈட்டு வழக்குக்கான வக்காலத்துத் தாளோடு வக்கீல் சாபிர் எழுந்து வந்து, முட்டி சொடுக்க, அவள் காலடியில் உட்காருகிறார். “நான் கையெழுத்துப் போடுவேன் சார். எட்டாப்பு படிச்சிருக்கேன்,” என்கிறாள் அவள். “இப்பத்திக்குக் கால் பெருவிரல் ரேகை போதும்மா. செருப்பக் களத்துங்க.” அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். “நீங்க போயி என் காலத் தொடுறதாவது.” முப்பது வருஷமாகப் பட்டாசு விபத்து வழக்குகளையே நடத்துகிறவர் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுகிறார். மைப்பெட்டியை எடுக்க அவர் எழ வேண்டியதில்லை. மேசைக்கடியில், தரையில்தான் அதன் இடம்.