கடைசிப் பெட்டி

"இண்டைக்கும் கடக்கரைக்குப் போக ஏலாதா உம்மா?" என்று கேட்டாள் ஐந்து வயது ஸஹ்னா. கண்டக்குழிக் கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"வீட்டிலேயே விளையாடுவம் மகள்" என்றாள் ஃபஹ்மியா.

இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போர்வையை விரித்துப் படகு செய்தாள். தம்பி முபாரிஸ் அகப்பையால் துடுப்புப் போட்டான். பல வாரங்களாகச் சனியும் ஞாயிறும் இப்படித்தான் கழிந்தன.

படகிலிருந்து இறங்கிய ஸஹ்னா கலண்டரை எடுத்துவந்தாள். அதன் பின்பக்கத்தில் உம்மா வரிசையாகப் பெட்டிகள் கீறியிருந்தாள். தினமும் ஒன்றைப் பென்சிலால் கோடு போட்டு வெட்டுவது ஸஹ்னாவின் வேலை. இன்று கடைசிப் பெட்டி.

"முடிஞ்சிட்டு!" என்று துள்ளியவள், தம்பிக்கும் தனக்கும் பெருநாள் உடுப்பை மாட்டினாள். "வாப்பாவக் கூட்டிவர எயார்போட்டுக்கு எத்தின மணிக்குப் போறம்?"

ஃபஹ்மியா திடுக்கிட்டாள். பெட்டிகள் எதற்கு என்று அவள் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை.

அப்போது அவளுக்கு மூத்தவளான ராத்தா அலீமா வந்து, அவளைக் குசினிக்குள் அழைத்துப்போய், பச்சைச் சாரி ஒன்றைக் கையில் வைத்தாள்.

"புருஷன் மவுத்தாகி நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோட இருந்திட்டாய். இத்தா இண்டையோட முடியுது. நாளைக்கு இந்த வெள்ளைய மாத்து. புள்ளைகளுக்கு இன்னும் சொல்லல்லியா?"

"கத்தாரிலேயே அடக்கிட்டாங்க. வாப்பாட மையத்து முகத்தையே காணாததுகளுக்கு என்னெண்டு சொல்ற ராத்தா?"

வெளியே வந்த ஃபஹ்மியா பென்சிலை எடுத்து, கலண்டரின் ஓரத்தில் இன்னொரு பெட்டி கீறினாள்.

"ஒண்டு விடுபட்டிட்டு மகள். நாளைக்கும் வீட்டிலேயே விளையாடுவம்."