பல்லில் கோடு இல்லாதவள்

"யோவ் ஹோரெஸ், உங்க வம்சத்துக்காரி எஜமான் வீட்டுப் பூனைதான்யா! பாலும் வெண்ணெயும் அவளுக்கு மட்டும்!"

ஒசெல்லா சொல்லி முடிப்பதற்குள் சர்ச் கூடமே கொல்லென்று சிரித்தது.

ஹோரெஸ் மேப்ரியும் சிரித்துவைத்தார். காது மட்டும் சூடானது.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அவர்கள் ஊர் ரோட்டை அகலப்படுத்த, இரண்டு பழைய கல்லறைத் தோட்டங்களைத் தோண்டியிருந்தார்கள். ஒன்று வெள்ளைக்காரர்களுடையது. மற்றது, பண்ணையில் அடிமைகளாக இருந்த இவர்களுடைய முன்னோர்களுடையது. மறுபடி புதைக்கும் முன், எலும்புகளை ஆராய்ந்த டாக்டர் வினெட்டா பேச வந்திருந்தார். மேடையில் எலும்புப் பெட்டிகளை வரிசையாக வைத்து, சற்று முன் அவர் சொன்னது இது:

"சின்ன வயசுல பட்டினி கெடந்தா பல்லுல கோடு விழுந்துடும். வெள்ளைக்காரங்க கல்லறையில பத்துல ஒருத்தருக்குத்தான் கோடு. உங்க ஆளுங்க இருபத்தேழு பேர்ல இருபத்தாறு பேருக்கு!"

கோடே இல்லாத அந்த ஒருத்தி, மேப்ரி குடும்ப வரிசையில் கிடந்தவள்.

"ஊரே பட்டினி, இவளுக்கு மட்டும் விருந்து! எஜமான்கிட்ட கோள் சொல்லியே தின்னிருப்பா," என்றாள் ஒசெல்லா. "ஹோரெஸ் மட்டும் என்னவாம்? கோழி பொரிக்கிற வாசனை வந்தாலே தட்டோட நிப்பாரு!"

மறுபடி சிரிப்பு. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"போதும் தாயி," என்றார் ஹோரெஸ். இப்போது அவர் சிரிக்கவில்லை. "அவ்வளவு கேவலம்னா அவளைத் தனியாவே புதைச்சிடுங்க."

"இருங்க, நான் இன்னும் முடிக்கலை," என்றார் டாக்டர். திரையில் ஒரு படம் வந்தது. குச்சி போல இரண்டு கால் எலும்புகள்.

"இது அவ கால். பொறந்ததுலேர்ந்து ஒரு அடி நடந்ததில்லை. ஒரு நாள் பருத்திக் காட்டுல எறங்கினதில்லை. ஆனா நாப்பது வயசு வரைக்கும் உசிரோட இருந்திருக்கா."

"நடக்கவே முடியாதவளுக்கா எஜமான் படியளந்தான்?" என்றாள் ஒசெல்லா.

"அளக்க மாட்டான்," என்றார் டாக்டர்.

"அப்போ யாரு அவளுக்கு..."

ஒசெல்லா திரும்பி, மேடையில் வரிசையாக இருந்த மற்ற பெட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அடுத்த நொடி "ஆண்டவரே!" என்று கூவிக்கொண்டு ஓடி, ஹோரெஸைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கூடம் முழுக்கக் கைதட்டல்.

"விடு தாயி, தலை சுத்துது!"

"சுத்தட்டும்யா! அவ உங்க வரிசைக்கு மட்டும் சொந்தமில்ல, நடுவுல வைங்க! அத்தனை பேரும் வாயக் கட்டி வயித்தக் கட்டி வளர்த்த புள்ளய்யா அவ!"